பூக்கடை ஸ்டிக்கரும் ஒரு சூடச் சத்தியமும்

போன மாதம் ரேஷ்மா கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த கம்பெனியில் என் மேசையில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"வள்ளி சேச்சி, ஒரு கடையோட பணத்த நிறுத்தி வச்சிருக்கோம். அந்தம்மா தினம் போன் பண்ணி ஏன் ஏன்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

"வழக்கமான சரிபார்ப்புன்னு சொல்லு."

"அதத்தான் சொல்றேன். அழறாளே சேச்சி."

"அழுதா அழட்டும். நீ வேற ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். ஆறிப்போன சாயாவைக் கீழே கொட்டினேன். அந்தப் பெண் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அவள் கேட்ட கேள்வி மேல்தான் கோபம். இப்போதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்தபடி வீடியோவில் கடையைப் பார்த்து முடித்துவிடுகிறார்களாம். அழுகிற ஆள் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருப்பாள். எங்களுக்கு அப்படியில்லை, நேரில் போய் நிற்க வேண்டும். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவில் நான் அப்படிப் போய் நின்றதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம். அந்த வழக்கு முடிந்துவிட்டது, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்தது பள்ளுருத்தி. அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்து கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், அம்மாவிடம் திட்டு வாங்கியது தமிழில். ஒரு சின்ன வங்கியில் குமாஸ்தாவாகப் பல வருஷம் ஓட்டினேன். அதை இன்னொரு வங்கி விழுங்கியபோது எங்களை மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் களமசேரியில் இருந்த இந்தப் பேமெண்ட் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று மொழி பேசுவேன், சந்தையில் கூச்சமில்லாமல் நுழைவேன். அதற்காகவே எடுத்தார்கள்.

நாங்கள் வங்கி இல்லை. வங்கிக்கும் கடைக்கும் நடுவில் நிற்கிற மூன்றாவது ஆள். கடையில் ஒட்டியிருக்கும் சதுர ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினால் அது நேராகக் கடைக்காரர் கைக்குப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் ஸ்டிக்கரில் அப்படியில்லை. முதலில் எங்கள் பெயரில் வங்கியில் இருக்கிற பொதுக் கணக்கில் வந்து விழும், மறுநாள்தான் கடைக்காரருக்குப் போகும். அந்த இடைவெளியில் ஊரார் பணம் எங்கள் பொறுப்பு. அதனால்தான் மத்திய வங்கியின் உரிமம், தணிக்கை, ஆயிரத்தெட்டு விதி. கடைக்காரர் ஒழுங்கானவர்தானா, திருட்டுப் பணம் எதுவும் நம் வழியாக ஓடுகிறதா என்று பார்ப்பது என் பிரிவின் வேலை.

பிரிவுக்குத் தலைவர் வர்கீஸ் சார். அரைக்கைச் சட்டை, மெலிந்த உடம்பு, குரலை உயர்த்தவே மாட்டார். நம் அறிக்கையை எழுந்து நின்று, நம் முன்னாலேயே சத்தமாக வாசிப்பார். நாம் எழுதிய அபத்தம் நம் காதில் விழ வேண்டுமாம். ஒரு முறை நான் "பாவப்பட்ட பெண்மணி" என்று எழுதியிருந்தேன். வாசிப்பதை நிறுத்தி, "கடையில பாவமும் விக்கிறாங்களோ?" என்று கேட்டு அந்த வார்த்தையை அடித்தார். மலையாளத்தில் "நீ" என்று பேசினால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். "நிங்ஙள்" என்றால் ஜாக்கிரதை. "தாங்கள்" என்று வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அவர் வைத்த முறை ஒன்று உண்டு. சந்தேகம் வந்த கடைக்கு முதல் தடவை அடையாள அட்டையோடு போகக் கூடாது. சாமான் வாங்குகிற ஆளாகப் போக வேண்டும். ஏதாவது வாங்கி ஸ்டிக்கரில் பணம் கட்ட வேண்டும். யார் பெயர் வருகிறது, பணம் வந்ததை எந்தப் பெட்டி அறிவிக்கிறது, யார் கை நீட்டிச் சாமான் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் தடவைதான் அட்டை. இரண்டு தடவையும் ஒரு விஷயம் மட்டும் மாறாது. பணம் எதற்காக நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அந்த ஆளிடம் மூச்சு விடக் கூடாது. சட்டமே அப்படித்தான். சொல்லிவிட்டால் திருடன் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். வர்கீஸ் சார் இதை ஒரே சொல்லில் சொல்வார்: "மிண்டருது." வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

அந்த முறை கடிதம் வந்தது வேறு மாநிலத்து சைபர் போலீஸிடமிருந்து. ஒரு முதியவரை ஏமாற்றி அவர் கணக்கைத் துடைத்திருக்கிறார்கள். அதில் பத்தொன்பதாயிரத்து எழுநூறு ரூபாய், மட்டாஞ்சேரியில் பேச்சியம்மாள் என்பவரின் பூக்கடை ஸ்டிக்கருக்கு வந்திருக்கிறது. அந்தக் கடைக்குப் போகிற பணம் முழுவதையும் நிறுத்துங்கள், விசாரணை முடியும்வரை அவருக்குத் தெரியக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நிறுத்தினோம். கடைக்கு வருகிற பணம் வந்துகொண்டே இருக்கும், எங்களிடமே தங்கும்.

நான் பூ வாங்கப் போனேன். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால், சுக்குக் கிடங்குகளைத் தாண்டினால் ஒரு குறுகலான தெரு. ஆறு கடை, எல்லாம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பேச்சியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கை பூக் கட்டுகிறது, கண் தெருவில் இருக்கிறது. நாற்பது ரூபாய்க்கு மல்லிகை வாங்கி ஸ்கேன் செய்தேன். கடையில் இருந்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி "நாற்பது ரூபாய் வந்துள்ளது" என்று கத்தியது. உடனே பேச்சியம்மாள் உரக்க, "பூவு!" என்றாள்.

எதற்கு இந்தக் கத்தல் என்று யோசிப்பதற்குள் பெட்டி மறுபடி "இருபத்து நாலு ரூபாய்" என்றது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல், "சாயா!" அடுத்தது அறுபது. "தேப்பு!" என்றது இஸ்திரிக் கடை.

ஆறு கடைக்கும் ஒரே ஸ்டிக்கர்! அதையே நகல் எடுத்து எல்லாரும் ஒட்டியிருக்கிறார்கள். வாடகைச் சீட்டு பேச்சியம்மாள் பெயரில் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் அட்டையெல்லாம் ஊர் விலாசத்தில், அதைக் காட்டினால் இங்கே ஸ்டிக்கர் தர மாட்டோம். பெட்டி தொகையைச் சொன்னால் அது யாருடையதோ அவர்கள் குரல் கொடுக்க வேண்டும், தெருவே சாட்சி. மறுநாள் பணம் வந்ததும் பேச்சியம்மாள் எடுத்து அவரவருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். இவ்வளவு நாளாக ஒரு சண்டை வந்ததில்லையாம். எங்கள் விதிப்படி இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

நான் நின்றுகொண்டிருந்தபோதே சாயாக்கடை முருகேசன் தெருவைத் தாண்டி வந்தான். முரட்டு மீசை, தோளில் துண்டு.

"ஏ பேச்சி, பெட்டி வந்திருக்குன்னு கத்துது. நீ வரலன்னு சொல்லுத. பெட்டி பொய் சொல்லுதா, நீ பொய் சொல்லுதியா?"

"பாங்குல வரல அண்ணாச்சி. போன காட்டுதேன், பாரும்."

"போன்ல என்னத்தப் பாக்க? நாளைக்கு நான் பால்காரனுக்கு என்ன சொல்ல?"

அவள் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தது. இரண்டு நாள் தன் தோட்டை அடகு வைத்துத்தான் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்து, "நீங்க போங்கக்கா, இது எங்க தெரு வழக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் வர்கீஸ் சார் என் அறிக்கையை வாசித்து முடித்து, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஸ்டிக்கரப் பகிர்ந்தது ஒரு குற்றம். அத அப்புறம் பாப்போம். அந்தப் பெரிய தொகைக்கு எந்தக் கடை குரல் குடுத்துச்சு? அதக் கண்டுபிடி."

"கேட்டா சொல்லிருவாங்க சார்."

"கேட்டா அவங்களுக்கும் தெரிஞ்சிரும். கேக்காம தெரிஞ்சுக்கோ."

என்ன வேலை பாருங்கள்! இரண்டாம் தடவை அட்டையோடு போனேன். தெரு முழுக்கக் கூடிவிட்டது. பணம் கம்பெனியில் பத்திரமாக இருக்கிறது, யாரும் தின்றுவிடவில்லை என்றேன். அதைச் சொல்ல அனுமதி இருந்தது. அதோடு விஷயம் முடியும் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

"பின்ன ஏன் குடுக்கல?" என்றான் முருகேசன்.

"வழக்கமான சரிபார்ப்பு."

"ஊர்ல எத்தன கடை இருக்கு, இவளுக்கு மட்டும் என்ன சரிபார்ப்பு? சும்மா ஒரு கம்பெனி நிறுத்துமா? இவ என்னமோ பண்ணிருக்கா."

அதுவரை பணத்தை அமுக்கிவிட்டாள் என்றுதான் சந்தேகம். நான் வாயைத் திறந்ததும், பெரிதாக ஏதோ திருட்டுத்தனம் செய்தவள் ஆகிவிட்டாள். இஸ்திரிக் கடை ஆறுமுகம் என்ற பெரியவர் தீர்ப்பு மாதிரி சொன்னார்: "வெள்ளிக்கிழம காலம்பற இசக்கி முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். மக தலையில கை வச்சு."

தெரு முனையில் இசக்கியம்மனுக்கு ஒரு சின்னப் பீடம் உண்டு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் தப்புச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் என்றால் அம்மன் குடும்பத்தைக் கேட்டுவிடுவாள். உண்மை என்றாலும் நல்லதில்லை. சூடம் அணைக்கிற நிலைக்கு வந்த வீடு என்று பேர் நின்றுவிடும், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். பேச்சியம்மாளின் மகள் செல்விக்குப் பள்ளுருத்தியில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பண்ணுதேன்" என்றாள் பேச்சியம்மாள். செல்வி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்கும்மா? நாம என்ன செஞ்சோம்?" என்று கத்தினாள். துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண், நல்ல தைரியசாலி. யாரும் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. தெருவில் இறங்கினபோது பீடத்தைச் சுற்றிக் கூட்டம். ஆறுமுகம் தட்டில் சூடம் வைத்துக்கொண்டிருந்தார். நான் நேரே பூக்கடைக்குப் போய், "பெட்டி ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்கணும்" என்று சொல்லி என் போனை எடுத்தேன். சோதனைப் பணம் கட்டுவது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான், ஆனால் ஒரு ரூபாய்தான் கட்டுவோம். நான் பத்தொன்பதாயிரத்து எழுநூறு கட்டினேன். என் சம்பளப் பணம். நிறுத்திவைத்த கணக்கில் போய் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தேதான் கட்டினேன்.

பெட்டி தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தத் தொகையைச் சொன்னது. எல்லாத் தலையும் ஒன்றாக முருகேசன் பக்கம் திரும்பின.

ஆறுமுகம் சிரித்துவிட்டார். "ஏ முருகேசா, உன் ஆஸ்பத்திரிக்காரன் திரும்ப வந்துட்டானாடே!"

"அது யாரு ஆஸ்பத்திரிக்காரர்?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

முருகேசனுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை, பெருமையாகவே சொன்னான். "ஒருத்தன் வந்தாங்கக்கா. அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கேன், ஏடிஎம்ல காசு வரல, ஸ்கேன் பண்ணி அனுப்புதேன், ரொக்கமாத் தாங்கன்னு கண்ணுல தண்ணியோட நின்னான். சீட்டுக் கட்ட வச்சிருந்தத எடுத்துக் குடுத்தேன். சாயாகூடக் காசு வாங்காமக் குடுத்தேன். மறுநாளே பேச்சி எனக்கு எண்ணிக் குடுத்துட்டா. அதுல ஒரு கொறையும் இல்ல."

எல்லாம் விளங்கிவிட்டது. திருட்டுப் பணத்தை ஸ்டிக்கர் வழியாகப் போட்டு ரொக்கமாக மாற்றிக்கொண்டு போய்விட்டான் அந்தப் படுபாவி. பேச்சியம்மாள் அவனைப் பார்த்துக்கூட இருக்க மாட்டாள். அவளை மாட்டிவிட்டது யார் என்று தெரியாமல், மாட்டிவிட்ட முருகேசனே அவளைக் குற்றவாளி என்று நிற்கவைத்திருக்கிறான். தான் என்ன செய்தோம் என்று அவனுக்கும் தெரியாது. அந்தத் தெருவில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

கிடங்குச் சுவர் ஓரமாக ஓடி வர்கீஸ் சாரைக் கூப்பிட்டேன். மூச்சுவாங்கச் சொல்லி முடித்து, "சார், காரணம் சொல்லல. இவ மேல தப்பில்லன்னு மட்டும் சொல்லிக்கட்டுமா? ஒரே வார்த்த சார். சூடம் கொளுத்தப் போறாங்க" என்றேன்.

அவர் மலையாளத்தில், "அந்தச் சாயாக்கடைக்காரன் ஏமாற்றுக்காரனின் கூட்டாளி இல்லை என்று தாங்கள் உறுதி சொல்ல முடியுமா?" என்றார்.

தாங்கள்!

நான் திரும்பி முருகேசனைப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அவன் கூட்டாளியாக இருந்து, நான் ஒரு வார்த்தை விட்டால், மத்தியானத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விடுவான். அந்த முதியவரின் பணத்துக்கு அதற்குமேல் தடயமே இருக்காது.

"முடியாது சார்."

"எனக்கும் மனசு இருக்கு வள்ளி" என்றார். "மிண்டருது."

திரும்பி வந்தேன். "சத்தியமெல்லாம் எதுக்கு, விடுங்க. பணம் வந்துரும்" என்று கெஞ்சினேன்.

"அப்ப ஏன் நிறுத்துனீங்க, அதச் சொல்லுங்க" என்றார் ஆறுமுகம். "வாயில என்ன கொழுக்கட்டயா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். உடம்பெல்லாம் எரிந்தது.

சூடம் ஏற்றினார்கள். பேச்சியம்மாள் இடது கையைச் செல்வி தலையில் வைத்தாள். "தாயே, நான் ஒரு தப்பும் செய்யல. ஒருத்தர் காசையும் திங்கல. செஞ்சிருந்தா என் மக நல்லாருக்கக் கூடாது" என்றாள். சொல்லும்போது அம்மனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தபடி, வலது கையைச் சுடர் மேல் வைத்து அழுத்தினாள். செல்வி அழவில்லை. அவளும் என்னைத்தான் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை எடுத்து ஓடையில் வீசியிருப்பேன்.

அன்றே முழுதும் எழுதிக் கொடுத்தேன். வர்கீஸ் சார் வாசித்தார். நான் வேண்டுமென்றே "குற்றமற்ற" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். அவர் அதை அடிக்கவில்லை. போலீஸ் வந்து முருகேசனை விசாரித்தார்கள். ரொக்கம் வாங்கிப்போன ஏமாற்றுக்காரன் அவசரம் அவசரம் என்று முதலில் முருகேசன் போனிலிருந்து யாரையோ கூப்பிட்டிருக்கிறான். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முருகேசன் கூட்டாளி இல்லை, ஏமாந்தவன்தான் என்று தெளிந்தது. பேச்சியம்மாளுக்குச் சம்பந்தமில்லை, பணத்தை விடுவிக்கலாம் என்று கடிதம் வந்தது. முதியவரின் பணத்துக்கு ஈடான தொகை மட்டும் எங்களிடம் தங்கியது. என் சம்பளப் பணமும் ஒரு வழியாகத் திரும்பியது. பகிர்ந்த ஸ்டிக்கரை ரத்து செய்தோம். கடைக்கு ஒன்றாக ஆறு ஸ்டிக்கர் கிடைக்க வர்கீஸ் சார் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வழி செய்தார்.

விடுவிப்புக் கடிதத்தை நானே கொண்டுபோனேன். தபாலில் அனுப்பச் சொன்னார்கள், மனசு கேட்கவில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. பேச்சியம்மாள் உட்காரச் சொல்லி சாயா கொடுத்தாள். டம்ளரை நீட்டிய உள்ளங்கையில் ஒரு வட்டத் தழும்பு காய்ந்துகொண்டிருந்தது.

"பள்ளுருத்தி ஆளுக வரலக்கா" என்றாள். "சூடம் அணைச்ச வீடுன்னு யாரோ சொல்லிட்டாவ. போட்டும்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமில்ல?"

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல அனுமதி இல்லை, பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.

"தெரியும். உங்க மூஞ்சியப் பாத்தேன். இந்தம்மாவுக்கு நான் தப்பு செய்யலன்னு தெரியும், சொல்ல முடியாம நிக்காவன்னு புரிஞ்சுது. அதான் கை நடுங்கல." பிறகு உள்ளே கைகாட்டினாள். "ஆனா இவ விட மாட்டேங்கா. அந்தக்கா ஏன் சும்மா நின்னாவன்னு தினம் கேக்கா. நீங்களே சொல்லுங்க. ஏட்டி செல்வி, வா."

செல்வி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை. நான் எழுந்தேன். கடிதத்தை நீட்டி, "உங்கம்மா மேல எந்தத் தப்பும் இல்லம்மா. எழுத்துலயே குடுத்திருக்கோம்" என்றேன்.

அவள் கடிதத்தை வாங்கவில்லை.

"எங்கம்மா மேல தப்பில்லன்னு எனக்கு எதுக்கு சொல்லுதீங்க? எனக்குத் தெரியாதா? தெருவுல போயிச் சொல்லுங்க."

அது நியாயம்தான். விடுவிப்புக் கடிதம் வந்த பிறகு அதைச் சொல்ல எனக்குத் தடையும் இல்லை. வெளியே வந்து, இசக்கி பீடத்துக்கு முன்னால் நின்று, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சியம்மாள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, முக்கால்வாசிக் கடை பூட்டியிருந்தது.